நூற்றுப் பதினைந்தரை

எங்கள் வீட்டிலிருந்து அந்த ரத்தப் பரிசோதனை லேபுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது அடி. அடி என்றால் என் காலடி. லேப் இருக்கும் மாடிக்கு இருபத்திரண்டு படிகள். அதில் ஒன்பதாவது மட்டும் மற்றவற்றைவிட ஒரு விரற்கடை உயரம். கட்டும்போதே யாராவது கேட்டிருக்க வேண்டும். என் மனைவிக்கு இதய வால்வில் சுருக்கம் இருக்கிறது. அந்த ஒன்பதாவது படியில் அவள் நின்றுதான் ஏறுவாள். முதல்முறை ரத்தம் கொடுக்கப் போனபோதும் நின்றாள். நான் பக்கத்தில் நின்று அவள் மூச்சை எண்ணினேன்.

"எண்ணாதீங்க," என்றாள். "நீங்க எண்ண எண்ணத்தான் எனக்கு வாங்குது."

நாற்பத்தொரு வருஷமாக இந்தச் சண்டை நடக்கிறது. தோசையை எண்ணுகிறேன், மாத்திரையை எண்ணுகிறேன், சாயங்காலம் அவள் ஆடுகளைப் பட்டியில் அடைக்கும்போது வாசலில் நின்று ஆறும் வந்ததா என்று எண்ணுகிறேன். ஆறுதானே, கண்ணால் பார்த்தாலே தெரியுமே என்பாள். எண்ணாமல் பார்த்தால் எனக்குத் திருப்தி வருவதில்லை.

அவளுக்கு வயிறு உப்பிக்கொண்டே இருந்தது. சாப்பிட்டது நாலு வாயாக இருந்தாலும் நாற்பது வாய் சாப்பிட்டதுபோல் இருக்கிறது என்றாள். டாக்டரம்மா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இடப்பக்கச் சினைப்பையில் எலுமிச்சம்பழ அளவு நீர்க்கட்டி. கட்டி பார்வைக்குச் சாதுவாகத்தான் இருக்கிறது, ஆனால் அறுபத்து நாலு வயதில் சும்மா விட முடியாது, ரத்தத்தில் ஒரு புரதம் இருக்கிறது, அதை அளந்து பார்த்துவிடலாம் என்றார். புற்றுநோய் இருந்தால் அந்தப் புரதம் ஏறும். வேறு சில்லறைக் காரணங்களாலும் ஏறலாம். முப்பத்தைந்துக்குள் இருந்தால் பயமில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது.

முப்பத்தைந்தின் ஆறு மடங்கைத் தாண்டி இரண்டு. இதை நான் படி இறங்குவதற்குள் கணக்குப் போட்டுவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. ஜங்ஷன் பக்கம் இன்னொரு லேப் இருக்கிறது. சர்க்கரை பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி மறுநாள் அவளை அங்கே கூட்டிப் போனேன். அங்கே பத்தொன்பது வந்தது.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முப்பத்து மூன்று வருஷம் நான் செராமிக் எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவன். பீங்கான் ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் செய்யும் பட்டறை. கிளேஸ் பிரிவு என்னுடையது. கிளேஸ் என்பது பீங்கானுக்கு மேலே பூசிச் சுடுகிற கண்ணாடிப் பூச்சு. சூளைச் சூட்டைக் குறித்துவைப்பதும் என் வேலைதான். சூளையில் இரண்டு மீட்டர் இருந்தன, கதவுப் பக்கம் ஒன்று, பின்சுவரில் ஒன்று. இரண்டும் ஒரே எண்ணைக் காட்டிய நாளை நான் பார்த்ததில்லை. இரண்டையும் கூட்டி, இரண்டால் வகுத்து, வருகிற ஒரே எண்ணை அழகாக ஒரு தாளில் எழுதி முதலாளி மேசைக்கு அனுப்புவோம். எஸ்டேட்டில் எல்லாப் பட்டறையிலும் அதுதான் வழக்கம். இரண்டு எண் எழுதி அனுப்பினால் முதலாளிகளுக்குக் கோபம் வரும்.

அதனால் இருநூற்றுப் பன்னிரண்டையும் பத்தொன்பதையும் கூட்டினேன். இருநூற்று முப்பத்தொன்று. இரண்டால் வகுத்தால் நூற்றுப் பதினைந்தரை. அதைக் கோடு போட்ட தாளில் தேதியோடு எழுதி, அடியில் இரட்டைக் கோடு இழுத்து, டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அன்றைக்கு அவர் வாசலில் முப்பத்தெட்டுப் பேர் காத்திருந்தார்கள். தாளை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ லேப் ரிப்போர்ட்டை நான் நகலெடுத்து வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிடுவதுதான் நல்லது என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். பதினோராம் நாள், திங்கட்கிழமை, ஆபரேஷன். மயக்க மருந்து கொடுப்பவரிடம் வால்வு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்றார். சொன்னோம். அவர் போனில், "செய்யலாம், ஆனா ரிஸ்க் இருக்குது, வீட்டுல பேசிக்குங்க," என்றார்.

வீட்டில் பேச என்ன இருக்கிறது? நாங்கள் இரண்டு பேர்தான். மகன் ஓசூரில் இருக்கிறான்.

அவள் ஆடுகளுக்குக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தன் தங்கையை வரச்சொல்லி ஏற்பாடு செய்தாள். எந்த ஆடு எதைத் தின்னும், எது முட்டும் என்று போனில் முக்கால் மணி நேரம் சொன்னாள். கடைசியாக, "இவருக்கு மூணு இட்லி. ரெண்டு வச்சாலும் எண்ணுவாரு, நாலு வச்சாலும் எண்ணுவாரு," என்றாள். நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

ஐந்தாம் நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. எந்த எண் சரி? ஒரே உடம்பு, ஒருநாள் இடைவெளி, ஒன்று இன்னொன்றைப்போல் பதினோரு மடங்கு. இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு இருபத்திரண்டு படி ஏறினேன். லேபை நடத்துபவர் நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா. கம்மாபுரத்திலிருந்து தினமும் வண்டியில் வருகிறவர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே என் சண்டையைக் கேட்டார். பிறகு கழற்றிவிட்டு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"டாக்டரம்மாகிட்ட இத ரெண்டையும் காட்டினீங்களா சார்?"

"சராசரியக் காட்டினேன்."

"எதக் காட்டினீங்க?"

"ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்து."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சார், உங்க கண்ணாடி பவரையும் என் கண்ணாடி பவரையும் கூட்டி வகுத்து ஒரு கண்ணாடி போட்டா ரெண்டு பேருல யாருக்கு சார் கண்ணு தெரியும்?"

எனக்குக் கோபம் வந்தது.

"இது ரெண்டும் வேற வேற கம்பெனி டெஸ்ட் கிட்டு, சார். அவங்க போடுற ஆன்டிபாடி வேற, நாங்க போடுறது வேற. நம்பரு கொஞ்சம் முன்னபின்ன இருக்கத்தான் செய்யும். ஆனா இந்த அளவு இருக்கக் கூடாது. எங்கயோ ஒன்னு பொய் சொல்லுது."

"எப்படித்தான் அளக்கிறீங்க, அத முதல்ல சொல்லும்மா," என்றேன்.

அவர் சலித்துக்கொள்ளவில்லை. கையளவுக்குச் சற்றுப் பெரிய ஒரு பிளாஸ்டிக் தட்டை எடுத்து மேசையில் வைத்தார். சின்னச் சின்னக் குழிகள். நான் எண்ணினேன், எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு, தொண்ணூற்றாறு. "ஆமா, தொண்ணூத்தாறுதான்," என்று சிரித்தார்.

ஆன்டிபாடி என்பதும் ஒரு புரதம்தானாம். உடம்புக்குள் வேற்றுப் பொருள் நுழைந்தால் அதை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ள உடம்பே தயாரிப்பது. ஒவ்வொன்றும் தன் பொருளை மட்டும்தான் பிடிக்கும். எனக்கு உடனே புரிந்தது. ஆயிரக்கணக்கில் ஃபியூஸ் கட்டை பார்த்தவன் நான். ஒரு மாடலின் மேல்கட்டை அதே மாடலின் அடிக்கட்டையில்தான் உட்காரும். பார்க்க ஒன்றுபோலிருக்கும் இன்னொன்றில் வைத்தால் ஆடும், பிடிக்காது. அளக்க வேண்டிய புரதத்தை எலிக்கோ ஆட்டுக்கோ ஊசியாகப் போட்டு, அந்தப் பிராணியின் உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடியை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்.

"குழியோட அடியில ஒரு ஆன்டிபாடி ஒட்டியிருக்கும், சார். அது கீழ்க்கை. ரத்தத்துலேருந்து பிரிச்ச சீரத்த ஊத்தினா, அந்தப் புரதத்த மட்டும் கீழ்க்கை புடிச்சிக்கும். மத்ததெல்லாம் கழுவினா போயிடும். அப்புறம் இன்னொரு ஆன்டிபாடி, அது மேல்கை. அதே புரதத்த மேல்பக்கமாப் புடிக்கும். மேல்கையில ஒரு நொதியக் கட்டி வுட்டிருப்பாங்க. மறுபடி கழுவணும். நடுவுல புரதம் இருந்தாத்தான் மேல்கை தங்கும், இல்லன்னா தண்ணியோட போயிடும். கடைசியா ஒரு மருந்து ஊத்தினா நொதி அத நீலமாக்கும், அமிலம் வுட்டா மஞ்சளாயிடும். மஞ்சள் எவ்ளோ அடர்த்தியோ, புரதம் அவ்ளோ."

"அடர்த்தியப் பாத்து நம்பர் எப்படிச் சொல்றீங்க?"

"நம்பர் தெரிஞ்ச சாம்பிள் ஆறு, கிட்டுலயே வரும். அதையும் அதே தட்டுல வப்போம். அதுங்க நெறத்த வச்சு ஒரு கோடு போட்டுக்குவோம். உங்க வூட்டம்மா நெறம் அந்தக் கோட்டுல எங்க விழுதோ, அதான் நம்பரு. மெசினு பாத்துச் சொல்லும்."

நான் முப்பத்து மூன்று வருஷம் செய்த வேலை இதுதான். கிளேஸில் நீல நிறம் தரும் கோபால்ட் எவ்வளவு என்று பார்க்க, அளவு தெரிந்த ஆறு ஓடுகளைச் சுட்டு வரிசையாக வைப்போம், வெளிர்நீலத்திலிருந்து கருநீலம்வரை. புதிதாக வந்த ஓட்டை அந்த வரிசையோடு ஒட்டிப் பார்த்து, இது நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே என்று சொல்வோம். இவர் அதைச் சொன்னதும் பழைய சந்தேகம் ஒன்று எழுந்தது. எங்கள் பட்டறையில் ஓடு நிறமாக வந்துவிட்டால் உடனே நம்ப மாட்டோம். நிறம் மேலே பூசிய கிளேஸிலிருந்து வந்ததா, அடியிலிருக்கும் மண்ணில் கலந்த இரும்பு மேலே ஊறி வந்ததா என்று பார்ப்போம்.

"ஏம்மா, பாதிக்குப் பாதி கலந்து பாத்தீங்களா?"

"என்னா சார்?"

"நாங்க நெற கிளேஸ்ல வெள்ளை கிளேஸ பாதிக்குப் பாதி கலந்து சுடுவோம். அப்புறம் அதுலயும் பாதி. நெறம் கிளேஸோடதுன்னா கணக்கா பாதி, காலுன்னு எறங்கும். கணக்குல நிக்கலன்னா நெறம் வேற எங்கேருந்தோ வருதுன்னு அர்த்தம்."

அவர் தட்டை ஓரமாக நகர்த்தினார். "அது எங்க வேலையிலயும் இருக்குது, சார். சந்தேகம் வந்தா செய்வோம். நீங்க அந்தப் பத்தொம்பதக் கொண்டாந்து காட்டியிருந்தா அன்னைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்." குரலில் கடுமை இல்லை. அதனால் அதிகம் வலித்தது. "புதன்கெழம தட்டு போடுறேன். அம்மாவக் கூட்டியாங்க, புதுசா ரத்தம் எடுத்துக்கலாம். டாக்டரம்மாவுக்கு நான் இப்பவே போன் பண்ணிச் சொல்லிடுறேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சர்க்கரை என்று பொய் சொன்னதையும் சராசரியையும் சேர்த்துத்தான். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அரைய எதுக்கு வச்சீங்க?" என்றாள்.

"எந்த அரை?"

"நூத்திப் பதினஞ்சரைன்னீங்களே. என்னய அறுக்கப் போறாங்க, அதுல அரைய வேற வுடாம எழுதியிருக்கீங்க." சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீரைத் தட்டை என் பக்கம் தள்ளினாள். "உருவுங்க. எல எண்ண வேணாம்."

புதன்கிழமை அவளிடம் ரத்தம் எடுத்து, உறையவைத்து, சுழற்றிப் பிரித்து, தட்டில் வைத்தார் லேப் அம்மா. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். அவளுடைய சீரம் அப்படியே இரண்டு குழி. பாதியாகக் கலந்தது இரண்டு, காலாகக் கலந்தது இரண்டு. கலந்தது தண்ணீர் அல்ல, அதற்கென்று கிட்டில் வருகிற திரவம். பக்கத்திலேயே, இருநூறு என்று முன்பே தெரிந்த கிட்டின் சாம்பிளையும் இதேபோல் பாதி, கால் கலந்து வைத்தார். அது எதற்கு என்று கேட்டேன். "கலக்குற என் கை சரியான்னு பாக்க," என்றார். எனக்கு அவர்மேல் அந்த நிமிஷத்தில் வந்த மரியாதையை எழுதி முடியாது. எங்கள் பட்டறையில் தன் கையைச் சோதித்துக்கொண்ட ஆளை நான் பார்த்ததில்லை. நானும் சோதித்ததில்லை.

ஊற்றுவதும் காத்திருப்பதுமாகக் காலை முழுக்கப் போயிற்று. ஒவ்வொரு முறையும் ஐந்து தடவை கழுவினார். நானும் எண்ணினேன். இரண்டாம் முறை கழுவும்போது நாலோடு நிறுத்தியதுபோலிருந்தது. கண்ணாடியைத் தட்டினேன். அவர் திரும்பாமல் ஐந்தாவதற்கு ஊற்றினார். "அவங்க வேலைய அவங்க பாப்பாங்க," என்று மனைவி என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அந்தக் கையை விடவில்லை.

நீலம் வந்தது. அமிலம் விட்டதும் எல்லாம் ஒரே நொடியில் மஞ்சளாயிற்று. அளவு தெரிந்த ஆறு சாம்பிளும் வெளிர்மஞ்சளிலிருந்து அடர்மஞ்சள்வரை ஒழுங்காக ஏறின. மெஷின் தாளைத் துப்பியது. லேப் அம்மா அதைத் தானே படிக்காமல் என்னிடம் நீட்டினார்.

கிட்டின் சாம்பிள் முதலில் இருநூறு. பாதி கலந்ததில் நூற்றொன்று, கால் கலந்ததில் நாற்பத்தொன்பது. அவர் கை சரி. என் மனைவியுடையது இருநூற்று நாலு. பாதியில் நூற்றிரண்டு வர வேண்டும். நாற்பத்தொன்று வந்திருந்தது. காலில் ஐம்பத்தொன்று வர வேண்டும். ஐந்து.

மூன்று தடவை படித்தேன். "கணக்குல நிக்கல," என்றேன்.

"நிக்கல சார்," என்றார் அவர். பிறகு மனைவியிடம், "அம்மா, வூட்டுல எலி, முயலு, ஆடு ஏதாவது வளக்குறீங்களா?"

"ஆறு ஆடு இருக்குது. முன்ன ஒன்னு குட்டி போட முடியாம கஷ்டப்பட்டுது, நான்தான் கைய வுட்டு எடுத்தேன். ஏன், அதுங்களுக்கு ஏதாவது டெஸ்டு எடுக்கணுமா?"

லேப் அம்மா கிட்டின் பெட்டியிலிருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினார். கீழ்க்கை எலியிடமிருந்து வந்தது, மேல்கை ஆட்டிடமிருந்து. "சில பேரு ரத்தத்துல பிராணிங்க புரதத்துக்கு எதிரா ஆன்டிபாடி தானா இருக்கும். அது எங்க கீழ்க்கையையும் மேல்கையையும் சேத்துப் புடிச்சிக்கும். நடுவுல ஆளே இல்லாம ரெண்டு கையும் கோத்துக்கிட்டா, கழுவினாலும் போவாது, மஞ்சள் வந்துடும். நான் கலந்த திரவத்துல பிராணிங்க சீரமும் இருக்குது. உங்க ஆன்டிபாடி அதுங்களப் புடிச்சிக்கிட்டு தட்ட வுட்டுடுச்சு போல. அதான் நம்பரு பொத்துன்னு வுழுது. அந்த லேபு கிட்டுல ஆன்டிபாடி வேற, அதான் அங்க ஏறல போல."

"அப்ப ஆட்டாலதான்," என்றேன்.

"ஆடா இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம், சார். ஆடு வளக்காதவங்களுக்கும் இருக்குது. அத உறுதியா சொல்ல மாட்டேன். இந்த இருநூத்திப் பன்னெண்ட நம்ப முடியாதுங்குறத மட்டும் எழுதித் தரேன்."

மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். "நாலு மாசமா, கண்டதத் தின்னுதேன்னு அந்தக் கருப்பாட்டத் திட்டிக்கிட்டே இருந்தேன்," என்றாள். "பழி வாங்கிடுச்சு."

டாக்டரம்மா இந்த முறை எல்லாத் தாளையும் பார்த்தார். நான் எழுதிக் கொடுத்த தாளும் அவர் ஃபைலில் இருந்தது. அதை விரலால் தட்டி, "இது என்னா ஐயா, நூத்திப் பதினஞ்சர? இப்படி ஒரு நம்பரு இந்த அம்மா ரத்தத்துல எப்பவுமே இருந்ததில்லையே?" என்றார். நான் எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அப்படி நின்றது அன்றுதான். அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "நானும் லேப் பேர் இல்லாத தாளப் பாத்துக் கேட்டிருக்கணும்," என்றார். அந்த ஆன்டிபாடியின் குறுக்கீட்டைத் தடுக்கும் மருந்தைச் சீரத்தில் கலந்து மீண்டும் அளக்க, பாண்டிச்சேரியில் ஒரு பெரிய லேபுக்கு ரத்தத்தை அனுப்பினார். சனிக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. பதினேழு.

திங்கட்கிழமை ஆபரேஷன் இல்லை. திங்கட்கிழமை நாங்கள் வீட்டில் இருந்தோம். அவள் எனக்கு மூன்று இட்லி வைத்தாள், நான் எண்ணவில்லை. மூன்று என்று பிறகு அவள்தான் சொன்னாள்.

கட்டி பொய் இல்லை, அது இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்படி எடுத்த முதல் ஸ்கேனில் எலுமிச்சை நெல்லிக்காயாகியிருந்தது. வயிறு உப்புவது பருப்பைக் குறைத்ததும் பாதி குறைந்தது. இரண்டாவது ஸ்கேன் அடுத்த மாதம். அதுவரை எனக்குத் தூக்கம் சரியாக இருக்காது, தெரியும்.

இனி எந்த ஊரில் எந்த லேபில் ரத்தம் கொடுத்தாலும் இந்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று லேப் அம்மா சொல்லியிருந்தார். இதயத்துக்கு, தைராய்டுக்கு என்று இதே முறையில் அளக்கிறவை நிறைய இருக்கின்றனவாம். நான் அதை நல்ல கெட்டி அட்டையில் என் கையெழுத்தில் எழுதினேன்: இவருடைய ரத்தத்தில் பரிசோதனையைக் குழப்பும் ஆன்டிபாடி இருக்கிறது, ஆன்டிபாடி முறையில் அளந்து எண் உயர்ந்து வந்தால் நீர்க்கச் செய்து பார்க்கவும், சராசரி எடுக்க வேண்டாம். ஆறு பிரதிகள். அவள் பர்ஸில் ஒன்று, என் சட்டைப்பையில் ஒன்று, பீரோவில் ஒன்று, மகனுக்குத் தபாலில் ஒன்று, டாக்டரம்மா ஃபைலில் ஒன்று. ஆறாவதைக் கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினேன். ஆம்புலன்ஸ் வந்தால் உடனே எடுக்க வசதியாக இருக்கும்.

நேற்றுச் சாயங்காலம் ஆணி மட்டும் இருந்தது. கருப்பாடு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"போச்சு, அஞ்சுதான் இருக்குது!" என்று கத்தினேன்.

"இருக்கட்டும்," என்றாள், மற்ற ஆடுகளைப் பட்டிக்குள் தள்ளிக்கொண்டே. "அதுவும் சம்பந்தப்பட்டதுதான? படிச்சிக்கட்டும்."

இன்று காலை ஏழாவதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆணியை இன்னும் இரண்டு சாண் உயரத்தில் அடிக்க வேண்டும்.